வேங்கைத் தம்ளர்

புரட்டாசி 11, சனி

உரக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. தை மாதத்திலிருந்து பரணில் கிடந்தது. இன்றைக்கு என் வீட்டுக்காரி உலகம்மாள் அதை எடுத்து, பல்லி முட்டையைத் தட்டிவிட்டு என் முன்னால் போட்டாள்.

"ஒங்க கதையக் கேக்க இந்த வீட்டுல ஆருக்கும் நேரமில்ல. இதுல எழுதுங்க. இது எந்திரிச்சுப் போவாது."

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மகள் செண்பகம் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் சிலேட்டுக்கு எதிரே உட்கார்ந்து நானும் படித்தேன். எதிரே உட்கார்ந்ததால் எழுத்தெல்லாம் எனக்கு முதலில் தலைகீழாகத்தான் பழக்கம். நேராகப் படிக்கப் பிறகு தனியாகக் கற்றுக்கொண்டேன். இதில் ஒரு லாபம், அதிகாரிகள் மேசை மேல் வைத்திருக்கும் காகிதத்தை எதிரே நின்றபடியே படித்துவிடுவேன். அவர்கள் என்னைக் கைநாட்டு என்று நினைத்து மூடி வைப்பதும் இல்லை.

செண்பகம் வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலைப்பிரசவம். டவுன் டாக்டரம்மா அவளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் ஊசி போட வேண்டும், போடாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளை உண்டான பெண்ணுக்கு, வயிற்றில், தினமும் ஊசியாம். மருமகன் அருள்ராசு அதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். அவன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்? ஸ்கூட்டர் கடையில் பச்சை வண்டி கேட்டுப் போய், கடைக்காரன் சிவப்பு நல்லது என்றதும் சிவப்போடு வந்தவன்.

"வேங்கை மரத் தம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சுக் குடிச்சாப் போதும். சக்கரை தானா எறங்கும். ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

செண்பகம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

புரட்டாசி 13

அளவு மெஷின்காரப் பெண் வந்தாள். நசீமா என்று பெயர். டவுனிலிருந்து மாதம் ஒருதரம் ஜீப்பில் வருவாள். கையில் இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்று. அதை வைக்கோல் மேல், மாட்டின் மேல், என் மேல் எல்லாம் காட்டுவாள். அது டிக் டிக் என்னும். அவள் எழுதிக்கொள்வாள்.

இது எதனால் என்றால், பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் மலைக்கு மேலே இருந்த நிலையத்தில் தீப்பிடித்தது. என்ன நிலையம் என்று கட்டும்போதும் சொல்லவில்லை, எரியும்போதும் சொல்லவில்லை. புகை நரிப்பாறைச் சரிவில்தான் இறங்கியது. எங்கள் எருக்கம்பாறை ஊருக்கு வரவில்லை, காற்று அப்படி. பிறகு வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து, கதிர்வீச்சுத் தூசி மரத்தில் ஒட்டியிருக்கிறது என்று சரிவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். உள்ளே இருந்து சுள்ளி, தேன், காளான், எதுவும் எடுக்கக் கூடாது. வேலியைப் போட்டார்களே, அதைப் பார்க்க ஒரு ஆள் போட்டார்களா? பன்றிகள் முட்டிப் பெரிய பெரிய ஓட்டையாகக் கிடக்கிறது. வெள்ளை உடுப்பையும் அப்புறம் காணோம். கடைசியில் இந்தச் சின்னப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள்.

"சரிவுலேர்ந்து மரம் எதுவும் எடுக்கலையேய்யா?" என்று கேட்டாள்.

"நாங்க ஏன் தாயி எடுக்கப் போறோம்? பன்னெண்டு வருச மழை பெஞ்சும் கழுவாத தூசி அது, உங்க மெஷின்ல மட்டுந்தான் தெரியுது."

"அப்படி இல்லய்யா. தூசி பட்டையில மட்டும் நிக்காது. மழை அதக் கழுவி மண்ணுல எறக்கும். அப்புறம் வேரு..."

வேர் என்றதும் எனக்கு வேர்ப்பலாவும், அதைத் தின்ன வந்த கொம்பன் யானையும் ஞாபகம் வந்துவிட்டன. அந்த யானை பால்வண்ணம் டீக்கடையின் பின்கதவைத் திறந்த கதையைச் சொன்னேன். உடைக்கவில்லை, திறந்தது. கொண்டியைத் தும்பிக்கையால் தூக்கி. நல்ல கதை. நசீமா இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்தாள். நான் கதையை நிறுத்தவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான், போய்விட்டாள்.

இவர்கள் சொல்ல வருவதை விட யானை எவ்வளவோ தேவலை.

புரட்டாசி 14

மேற்கே ஒரு வேலையாகப் போய் வந்தேன். முழங்கால் வலி. முதுகில் கம்பி கிழித்திருக்கிறது.

புரட்டாசி 16

வேங்கைக் கட்டை கிடைத்தது. தானாக விழுந்து கிடந்தது. வீட்டில் சந்தையில் வாங்கியதாகச் சொன்னேன். பொம்பளைகளுக்கு விளக்கம் சொல்லி முடியாது.

வேங்கையை வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பால் வடியும். வேட்டியில் பட்டால் போகாது. உலகம்மாள் வேட்டியை விரித்துப் பார்த்து, "சந்தையில வாங்குன கட்டை இன்னும் அழுதுகிட்டா இருந்துது?" என்றாள்.

அவர்கள் சொன்ன தூசியே இருந்தாலும் அது எங்கே இருக்கும்? பட்டையில். நான் பட்டையை ஒரு பொட்டு விடாமல் உரித்தேன். அதற்கு அடுத்த வெள்ளைப் பாகத்தையும் செதுக்கித் தள்ளினேன். நடுவில் இருக்கிற கெட்டிக் கட்டை, எங்கள் பக்கம் வைரம் என்போம், அது மட்டும் தனியாக நின்றது. தேன் நிறம். அந்த வைரத்துக்குள் காற்றே போகாது, தூசி எப்படிப் போகும்? இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், கண் இருந்தால் போதும். மஞ்சள் போட்டு ஒருதரம் வேக வைத்தேன். குடைந்து இரண்டு தம்ளர் செய்தேன். ஒன்று செண்பகத்துக்கு, ஒன்று எனக்கு. எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே.

பட்டையையும் செதுக்கலையும் வெந்நீர் அடுப்பில் எரித்தேன். நெருப்பை விடச் சுத்தம் எது? சாம்பலைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன். அது ரொம்ப நாளாக நோஞ்சானாக நிற்கிறது.

புரட்டாசி 18, சனி

ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. செண்பகம் மோந்து பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடி."

"மூக்கையுமுல்லா மூடணும்."

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

"நீங்க போங்கப்பா. நா பல்லு வெளக்கிட்டு மெதுவாக் குடிக்கேன்."

தம்ளரோடு துவைக்கிற கல் பக்கம் போனாள். திரும்பி வரும்போது தம்ளர் காலி. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அவள் அம்மா மாதிரி இல்லை.

என் தம்ளரை நான் ஒரே மடக்கில் குடித்தேன்.

புரட்டாசி 25

செண்பகம் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பால்வண்ணம் கடை வரை நடந்து போய் வருகிறாள். நடக்கச் சொல்லி டாக்டரம்மா உத்தரவாம். நடக்கட்டும். ஆனால் இந்தப் பரந்த ஊரில் நடக்க அந்த ஒரு இடம்தானா? உள்ளே போய் பிரிட்ஜ் பக்கத்தில் பால்வண்ணத்தின் பெண்டாட்டியோடு ஏதோ பேசிவிட்டு வருகிறாள். அந்த பிரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்து ஊரில் பாதிப் பொம்பளைகளுக்கு அங்கேதான் பொழுது விடிகிறது. பால்வண்ணம் அதில் வைத்திருப்பதோ நாலு பால் பாக்கெட்டும் ஒரு கலர் பாட்டிலும்.

ஐப்பசி 3, திங்கள்

சர்க்கரை இறங்கிவிட்டது! டவுனில் ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டரம்மாவே சபாஷ் சொன்னாளாம்.

நேரே பால்வண்ணம் கடைக்குப் போனேன். எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். "பதினஞ்சு வருசம் படிச்சவ ஊசின்னா. படிக்காதவன் ஒரு தம்ளர் செஞ்சேன். எது எறக்குச்சு?"

பால்வண்ணம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவன் என் வயதுக்காரன், சின்னதிலிருந்தே காரணம் இல்லாமல் சிரிக்கிறவன்.

"வே சொரிமுத்து, தம்ளருதான் எறக்கிச்சு. வேற என்ன? எம் பிரிட்ஜா எறக்கிச்சு?"

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பொறாமை பிடித்த ஊர்.

ஐப்பசி 9

மழை. கறிவேப்பிலைச் செடியைப் பார்க்க வேண்டும், தளதளவென்று துளிர்த்து நிற்கிறது. சாம்பலின் மகிமை. அந்தத் துவைக்கிற கல் பக்கம் தினமும் யாரோ தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மண் ஈரமாகவே இருக்கிறது. வெயில் நாளிலும் அப்படித்தான்.

உலகம்மாள் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் உருவிப் போடுகிறாள். செண்பகம் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலும் இப்படித்தான். எத்தனை சொல்லியும் திருந்தவில்லை.

"சத்தே அதுலதாம்ட்டி இருக்கு. வயித்துப்பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியும், தின்னு."

"எனக்கு எறங்காதுப்பா. தொண்டையில ஒட்டுது."

"ஒன் மாமியா வீட்டுலயும் இப்படித்தான் ஒதுக்குவியா?"

"அங்க ஒதுக்க வேண்டாம். அத்தை போடவே மாட்டாங்க."

அதுதான் அருள்ராசுவுக்கு எந்த வண்டி எந்த நிறம் என்று கண் தெரியவில்லை. அவள் ஒதுக்கியதை எல்லாம் நான் எடுத்துத் தின்றேன். வீணாக்கப் பிடிக்காது.

ஐப்பசி 17

கறிவேப்பிலைத் துவையல் அரைக்கச் சொன்னேன், இந்த வாரம் மூன்றாவது தரம். பொம்பளைகள் தொடவில்லை. முழுக்க நானே.

ஐப்பசி 24, திங்கள்

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

செண்பகமும் உலகம்மாளும் நேற்றே டவுனுக்குப் போய்விட்டார்கள். ஸ்கேன். ராத்திரி மருமகன் வீட்டில் தங்கல். நான் மட்டும் இருந்தேன். நசீமா வந்தாள். மாடு, வைக்கோல், வாசல், வழக்கம் போல டிக் டிக். "சீக்கிரம் முடி தாயி, ஒனக்கும் பொழுது போவணும்லா" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

துவைக்கிற கல் பக்கம் திரும்பினாள். கறிவேப்பிலைச் செடியின் தூரில் மெஷினைக் காட்டினாள். அது சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று அடித்தது. நான் அப்படி ஒரு சத்தத்தை அதில் கேட்டதில்லை.

"இதுக்கு என்ன போட்டீங்கய்யா?"

"சாம்பல்."

"எந்த மரத்துச் சாம்பல்?"

சந்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுப்படி மாடத்தில் இருந்த தம்ளர்களைப் பார்த்துவிட்டாள். மெஷினைப் பக்கத்தில் கொண்டு போனாள். எழுத வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

"பட்டைய முழுக்க உரிச்சிட்டேன் தாயி. வெளிப்பக்கம் பூரா செதுக்கிட்டேன். உள்ளுக்குள்ள இருக்கிற வைரம் மட்டுந்தான். அது சுத்தமாத்தான இருக்கும்?"

அவள் வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க யானைக்குப் போயிட்டீங்க."

"இப்பம் சொல்லு."

"மொதல்ல எலையிலயும் பட்டையிலயும்தான்யா ஒட்டுச்சு. மழை கழுவி மண்ணுல விட்டுச்சு. எல உதுந்து மக்கி அதுவும் மண்ணுக்குப் போச்சு. வேரு என்ன பண்ணும்? பயிருக்கு நாம உரம் போடுறோமே, அது மாதிரியே இதுவும் வேருக்குத் தெரியும். சத்துன்னு நெனச்சுக் குடிச்சிடும். குடிச்சது மேல ஏறிப் புது எலைக்குப் போவும். கொஞ்சங் கொஞ்சமா நடுமரத்துக்கும் போயித் தங்கும். பன்னெண்டு வருசமா அதுதான் நடக்கு. இப்ப அந்த மரத்துல பட்டைய விட வைரத்துலதான் கூட இருக்கும்."

"எரிச்சிட்டேனே. நெருப்புல போவாதா?"

"கட்டை போயிரும். இது போவாது. ஒரு மரத்துல பரவிக் கெடந்தத ஒரு கூடைச் சாம்பல்ல சேத்து வச்சிட்டீங்க. அதச் செடி குடிச்சிருச்சு." மூச்சு விட்டுவிட்டுக் கேட்டாள். "தம்ளர்ல யாரு குடிச்சது?"

கதை சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பாதிப் பதில்தான் வந்தது: "நாந்தான்."

"ரெண்டு தம்ளர் இருக்கேய்யா. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு?"

"எம் மக" என்றேன். "மாசமா இருக்கா."

நசீமா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நாளைக்குக் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில், உடம்புக்குள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற நாற்காலி இருக்கிறதாம். மூன்று பேரும் வர வேண்டும்.

உலகம்மாளுக்குப் போன் போட்டேன். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருங்க" என்றேன். "எதுக்கு?" என்றாள். "மழை பெய்யுதா அங்க?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மரம் விழுந்து கிடக்கவில்லை. வெட்டினேன்.

ஐப்பசி 25, செவ்வாய்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எதிரே உட்கார்ந்தே பழகியவன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலி, வேங்கை, வைரம், தம்ளர். இடையில் ஒரு கிளைக்கதை கூட வரவில்லை.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, மொத நா நாக்குல வச்சுப் பாத்தேன். அவ்வளவுதான். ஒரு மடக்குகூடக் குடிக்கல. தெனமும் துவைக்கிற கல்லுகிட்ட ஊத்திட்டேன்."

"பொறவு சக்கரை எப்படி எறங்குச்சு?"

உலகம்மாள்தான் சொன்னாள். "ஊசி. பால்வண்ணம் அண்ணாச்சி வீட்டு பிரிட்ஜுல வச்சுருக்கு. தெனமும் போயிப் போட்டுக்கிட்டு வாரா. ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத்தான் சொல்லல. சொன்னா ஒரு கதையச் சொல்லி அதையும் நிறுத்திருவீய."

தாழ்வாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டீக்கடைச் சிரிப்பு இப்போதுதான் காதில் வந்து விழுந்தது.

மூன்று பேரையும் நாற்காலியில் வைத்து அளந்தார்கள். டாக்டர் காகிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தார். அவர் வாய் திறக்கும் முன் நான் எதிரே நின்று படித்துவிட்டேன். மூன்று வரி. செண்பகம் வரியில் இருந்த எண் சின்னது. உலகம்மாளுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிது. என் வரியில் இருந்த எண், பெட்டிக்குள் அடங்காமல் பக்கத்துப் பெட்டியில் காலை நீட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணுக்கு ரொம்பக் கம்மி" என்றார் டாக்டர். "சாப்பாட்டு வழியாக் கொஞ்சம் போயிருக்கு, இனிமே போகாம பாத்துக்கிட்டாப் போதும். பிள்ளையப் பத்திப் பயப்பட வேண்டாம். அந்தக் கறிவேப்பிலைய நெறையத் தின்னது யாரு?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு தட்டும், அதன் ஓரத்தில் ஒதுக்கிய இலைகளும் இருந்தன.

"அவ தட்டுல கெடந்ததையும் சேத்து நாந்தான்" என்றேன்.

மூன்று நாலு மாதத்தில் பாதி குறையும், அப்புறம் அதில் பாதி, மாதாமாதம் வந்து உட்கார வேண்டும் என்றார். வேறு ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

கார்த்திகை 6

நசீமாவும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். கறிவேப்பிலையை வேரோடு தோண்டி, மண்ணையும் சாம்பலையும் வாரி, தம்ளர் இரண்டையும் மிச்சக் கட்டையையும் சாக்கில் கட்டினார்கள். பாரஸ்டர் வந்து என்னை வெயிலில் நிற்க வைத்துக் கத்தினார். வேலி ஓட்டையைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டேன், உடனே நிழலுக்கு வரச் சொன்னார்.

பால்வண்ணம் வேடிக்கை பார்க்க வந்தான். "வே, ராத்திரி ஒம்ம வீட்டுல வெளக்கு வேண்டாம்லா? நீரே மினுங்குவீரே?"

"ஒம்ம கடைக்கு வந்து நிக்கேன் ஓய். கரண்டு மிச்சம்."

அப்புறம் நசீமா டீ குடிக்கும்போது, அவள் எதிரே உட்கார்ந்து, மரத்துக்குள் அது எப்படிச் சுற்றுகிறது என்று மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். மழை, மண், வேர், இலை, மறுபடி மண். வேரிடத்தில் வந்ததும் பயந்து நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி. யானை வராது."

முழுக்கச் சொன்னாள். நல்ல கதைதான். முடிவு மட்டும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனிதன் போய் வெட்டிக்கொண்டு வந்தால்தான் அது காட்டை விட்டு வெளியே வருமாம். அந்த மனிதன் பெயரை அவள் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

மார்கழி 12

காலையில் ஆண் பிள்ளை. நல்ல எடை. டாக்டரம்மா ஊசியைப் புகழ்ந்தாள். நானும் தலையாட்டினேன், அருள்ராசு மாதிரியே. அவன் சிவப்பு வண்டியில் சிவப்புத் துண்டோடு வந்து நின்றான். கண் தெரிகிறது.

நான் பிள்ளையைத் தொடலாமா என்று நசீமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாராளமாகத் தூக்கலாம், உங்கள் உடம்பிலிருந்து அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். "ஐயா, இப்பவாவது நா சொல்றத நம்புங்க" என்றாள்.

செண்பகம் மடியில் வைத்தாள். ஒரு வேங்கைக்கட்டை கனம் கூட இல்லை. யோசித்துப் பார்த்தேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

கொம்பன் யானை டீக்கடைக் கதவைத் திறந்த கதையைப் பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். கொண்டியைத் தூக்குகிற இடம் வருவதற்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டான்.

நன்றாக இருப்பான்.